பதினொரு வெள்ளை மணிகள்

ஒரு கிண்ணம் வெந்நீரில் பதினொரு காகித மணிகளைப் போட்டுவிட்டு அரை மணி நேரமாக அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதுவதே பொய். நான்கு முறை எழுந்து போனேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், எரியாத அடுப்பைப் போய்ப் பார்த்தேன், திரும்ப வந்து கரண்டியால் மணிகளைக் கிளறினேன். ஒன்றுகூடப் பிரியவில்லை. இந்த வேலையை ஆரம்பித்து வைத்தவள் என் மகள். அவளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு சின்னப் பிள்ளைகள், புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீட்டில் சுவரெல்லாம் மொட்டையாக நிற்கிறது. கடையில் வாங்கி மாட்ட அவளுக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து கையால் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லும்மா என்றாள். நான் பரணிலிருந்து என் அம்மாவின் மணித்திரையை இறக்கினேன். வாசல்நிலையில் தொங்கவிடுகிற திரை, முழுக்கக் காகித மணி. "ஒண்ணைப் பிரிச்சுக் காட்டும்மா, எப்படிச் சுருட்டியிருக்காங்கன்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். திரையில் ஆயிரம் மணி இருக்கும். என் கை நேராக இந்தப் பதினொன்றுக்குத்தான் போயிற்று.

அம்மா செஞ்சியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். ஊருக்கு அவள் நர்ஸம்மா. அறுபதுகளின் நடுவில் சுற்றுவட்டாரத்தில் பாதிக் குழந்தைகள் அவள் கையில்தான் முதல் அழுகை அழுதன. சிங்கவரம் என்றால் சைக்கிள், தளவானூர் மண்டகப்பட்டு என்றால் பஸ் ஏறிக் கூட்டுரோட்டில் இறங்கி நடை. அப்பாவை நைனா என்பேன், அவர் விழுப்புரம் போய்வருகிற பஸ்ஸில் டிரைவர். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புகிற ஒரு மணி நேரம்தான். நான் ஒரே பிள்ளை. வீட்டுச் சாவி என் கழுத்தில், சிலுவைக் கயிற்றோடு சேர்ந்து தொங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால், பகலெல்லாம் மலைப்பாறை வாங்கிய வெக்கை வீட்டுக்குள் முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கும்.

அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. பிரசவ வீட்டில் காத்திருப்பதுதான் பெரிய வேலை. வலி கண்ட பெண்ணை அவசரப்படுத்த முடியாது, வெளியே போகவும் முடியாது. அந்த நேரத்தில் அவள் பையிலிருந்து எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு செய்வாள். "கை சும்மா இருந்தா மனசு கெடந்து அல்லாடுது" என்பாள். காலி மருந்துப் பாட்டிலுக்குள் துணிப்பூ, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையின் தோலை ஒட்டிச் செய்த மாதா படச் சட்டம், ஊசிமருந்துக் குப்பிகளின் மூடியைத் தட்டையாக்கிக் கோத்த நிலா, கோணிச்சாக்கில் கம்பளி நூலால் தைத்த கிளி. வந்தவர்களெல்லாம் நின்று பார்த்து, "நர்ஸம்மாவுக்கு எங்கதான் நேரம் கெடைக்குதோ" என்று வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியும். அவள் என்னோடு இல்லாத மணிநேரமெல்லாம்தான் பொருளாக மாறி எங்கள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கிளி வேண்டாம். எனக்கு அம்மா வேண்டும். பத்து வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மணித்திரைதான் அவளுடைய பெரிய திட்டம். எங்கள் வீடு ஒரு கூடம், ஓர் உள்ளறை. உள்ளறையில்தான் அவளுடைய தட்டு, கத்தரிக்கோல், வெந்நீர்ப் பாத்திரம், துணி மூட்டை எல்லாம் கிடக்கும். ஈஸ்டர் முடிந்து பங்குச்சாமியார் ஜெபம் சொல்லி வீடு மந்திரிக்க வருவதற்குள் அந்த அறையின் வாசல்நிலையில் திரை தொங்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். செய்முறை எளிது. பழைய காலண்டர் தாளை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் நீளநீளமாக வெட்டு. அகலமான பக்கத்திலிருந்து துடைப்பக்குச்சியின் மேல் இறுக்கிச் சுருட்டு. கூர்முனையில் மைதாப் பசை தடவி ஒட்டு. குச்சியை உருவினால் நடுவே தடித்து இரு முனையும் ஒடுங்கிய ஒரு மணி. கோத்து முடித்த பிறகு வார்னிஷ் அடித்துவிட்டால் மழைச்சாரல் பட்டாலும் ஒன்றும் ஆகாது. வண்ண மணிகளின் நடுவே வெள்ளையில் ஒரு நட்சத்திரம் வர வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. வெள்ளைத் தாளுக்கு அவள் காட்டிய இடம்தான் வினையாகப் போயிற்று.

அவளிடம் ஒரு சொந்த நோட்டு உண்டு. ஆஸ்பத்திரிப் பெரிய ரிஜிஸ்டரில் குழந்தை பிறந்த பிறகுதான் பதிவு. அதற்கு முந்தின மாதங்களின் விவரமெல்லாம் இந்த நோட்டில், ஒரு பெண்ணுக்கு ஒரு தாள், பின்பக்கம் வெறுமை, பென்சில் எழுத்து. மாதவிலக்காகிக் கடைசியாகத் தலைக்குக் குளித்த நாள், கால் வீக்கம், சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்ததில் உப்பு இருந்ததா, முந்தின பிரசவம் எப்படி. பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் வீட்டு அடையாளம்தான் தலைப்பு. பிரசவம் நல்லபடியாக முடிந்ததும் சிவப்பு நீலப் பென்சிலின் சிவப்பு முனையால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். "கோடு போட்டத மட்டும் கிழிச்சிக்கோ. கோடு இல்லாததத் தொட்டே, கைய முறிச்சிடுவேன்" என்றாள். எழுத்து உள்ளே போகும்படி சுருட்டினால் வெளியே சுத்தமான வெள்ளை. நான் கிழித்துச் சுருட்டினேன். நட்சத்திரம் வளர்ந்தது.

பள்ளி ஆண்டு விழாவில் எனக்கு ராணி வேஷம். ஜிகினாத் தாள் ஒட்டிய கிரீடத்தைக்கூட அம்மாதான் செய்தாள். முன்வரிசையில் உட்காருவேன் என்று மாதாவின் மேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். நான் மேடையில் நின்று கூட்டத்தைத் துழாவினேன். அம்மா இல்லை. வசனம் மறந்து நின்றேன், பிள்ளைகள் சிரித்தார்கள். கிரீடத்தோடு வீட்டுக்கு நடந்து வந்து சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். இருட்டின பிறகு அம்மா வந்தாள், புழுதிக் காலோடு. "தளவானூருல அந்த வேப்பமரத்து வீட்டுப் பொண்ணுக்குக் கால் வீக்கம்டி. முன்னாடியே ஒண்ணப் பறிகொடுத்தவ. விட்டுட்டு வர மனசு வரல." என்னை விட்டுவிட்டுப் போக மட்டும் மனசு வந்ததா?

மறுநாள் அவள் குளிக்கப் போன சமயம் நோட்டைத் திறந்தேன். 'தளவானூர் – வேப்பமரத்து வீடு.' மற்றப் பெண்களுக்கெல்லாம் நாலு வரி, இவளுக்கு மட்டும் பக்கம் முழுக்க. எத்தனை தடவை போயிருக்கிறாள்! நான் சிவப்பு முனையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன், அம்மா போடுகிற மாதிரியே, இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு. பிறகு கிழித்தேன், வெட்டினேன், சுருட்டினேன். பதினொரு மணி வந்தது. நட்சத்திரத்தின் நடுச்சரத்தில் கோத்தேன். தெரியாமல் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். தெரிந்துதான் செய்தேன்.

அடுத்து ஓரிரு முறை அம்மா நோட்டைத் திறந்து பார்க்காமலே தளவானூர் போய்வந்தாள், வழியே மனப்பாடமாயிற்றே. அந்த வாரங்களில் நான் அவள் கைப்பையின் பக்கமே போகவில்லை. ஈஸ்டருக்கு மறுவாரம் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. தெருவாசல் நிலையில் வேப்பிலை செருகியாயிற்று. அம்மை கண்ட நர்ஸ் பிரசவத்துக்குப் போக முடியுமா? திண்டிவனத்திலிருந்து மாற்று நர்ஸ் ஒருத்தி வந்தாள். நோட்டை அவளிடம் கொடுத்தனுப்பினார்கள். எனக்கு முந்தின வருஷமே போட்டு ஆறியிருந்ததால், உள்ளறையில் படுத்திருந்த அம்மாவுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே நான்தான் தூது. சாமியார் வருவது தள்ளிப்போனது. அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, வாசனை எதுவும் ஆகாது என்பதால் வார்னிஷும் அடிக்கவில்லை. திரை மட்டும் பாதி வேலையோடு உள்ளறை நிலையில் தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் தினமும் வரும்.

"தளவானூரு போனாங்களாமா?"

"நாளைக்குப் போறாங்களாம்."

அடுத்த நாள்: "போனாங்களா இன்னா?"

"போய்ட்டு வந்துட்டாங்களாம். நல்லா இருக்குதாம்."

சொல்லிவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடுவேன். தெருவிலும் நிற்க முடியாது. கிணற்றடிக்குப் போவேன், அங்கேயிருந்து பஸ் ஸ்டாண்டு, அங்கேயிருந்து மறுபடி வீடு. தட்டில் போட்ட சோற்றைப் பாதியிலேயே வைத்துவிடுவேன். அந்த மாற்று நர்ஸின் மேல் ஒரு பிழையும் இல்லை. நோட்டில் இல்லாத பெண்ணைத் தேடி அவள் எப்படிப் போவாள்? ஒருநாள் நானே கேட்டுப் பார்த்தேன், தளவானூர் போகவில்லையா என்று. "அந்த ஊருலேர்ந்து ஒரு ஆளு வந்தாரு பாப்பா. அங்க ஒரு பொண்ணு இருக்குதாம், அதுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்குதுன்னாரு" என்றாள். அப்பாடா என்றிருந்தது. அன்று ஒருவேளை ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் மதியம் நைனா சாப்பிட வந்திருந்தார். மூன்று மணிக்கு அவருடைய டிரிப். அம்மாவுக்கு ஜுரம் குறையவில்லை. திடீரென்று உள்ளே பாய் சுருட்டுகிற சத்தம். "எனக்கு என்னமோ சரியாப் படல. நானே போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து நின்றுவிட்டாள். நைனா பதறி, "ஏ, இன்னா பண்ற நீ? உடம்பு பூரா முத்து, தொடப்போன புள்ளத்தாச்சிக்கு ஒட்டிக்கும்" என்றார். அவள் கேட்கவில்லை. திரையை விலக்கக் கையை நீட்டினாள். கொப்புளம் நிறைந்த அந்தக் கை சரியாக நடுச்சரத்தைப் பிடித்தது.

"அம்மா, அவங்க போகவே இல்லம்மா. தளவானூரு தாளு இங்க இருக்குது. உன் கையில இருக்குது."

அழுதுகொண்டே மீதியைச் சொன்னேன். கோடு போட்டிருந்ததால் கிழித்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். கோட்டை யார் போட்டது என்று சொல்லவில்லை. மாசம் இருக்குது என்று அந்த ஊர் ஆள் சொன்னதையும் சொன்னேன், அது என்னைக் காப்பாற்றும் என்று நினைத்து. அம்மாவின் முகம் மாறியது. "அவங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. சித்திரையில புள்ள பொறந்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு மாமியாக்காரி ஊருக்கெல்லாம் வைகாசிக் கடைசின்னு சொல்லி வச்சிருக்குது. அந்தப் பொண்ணு எங்கிட்ட மட்டும் ரகசியமா நெசமான நாளச் சொல்லிச்சி. தலைக்குக் குளிச்சது ஆடியா ஆவணியா..." ஜுரத்தில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது பெண்களின் நாள் அந்தத் தலையில். "ஆடின்னா பிரசவம் இந்த வாரம்டி. வெந்நி வை."

நைனா மாற்று நர்ஸைக் கூட்டிவர ஓடினார். நான் வெந்நீர் வைத்தேன். வார்னிஷ் அடிக்காத மணிகள். மைதாப் பசை கொஞ்ச நேரத்தில் கரைந்து கூர்முனைகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டன. ஊறிய தாளை விரலால் இழுத்தால் கிழியும், பொறுமையாக நீவ வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. முதல் இரண்டைக் கிழித்துவிட்டேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, தானே பிரித்து, தலைகீழாகக் கவிழ்த்த சோற்றுத் தட்டின் முதுகில் ஒவ்வொன்றாக ஒட்டவைத்தாள். அகலமும் கூருமாக மாற்றி மாற்றி. பென்சில் எழுத்து தண்ணீருக்கு அழியாது. வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஏழாவது துண்டில் வந்தது: 'ஆடி பிறந்து நாலாம் நாள்.' அதோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. துண்டுதுண்டாகக் கிடந்த சிவப்பு, இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு ஒரே கோடாக.

அம்மா அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மாற்று நர்ஸ் வந்து வேப்பிலைக்கு வெளியே நின்றாள். நைனா தட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். அவள் படித்துவிட்டு, "முடிஞ்ச கேஸுன்னு கோடு போட்டிருக்கீங்களே நர்ஸம்மா?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான்தாம்மா போட்டேன். ஏதோ ஞாபகத்துல கை தவறிப் போச்சி. கொழந்த கோட்டப் பாத்துட்டுக் கிழிச்சிருக்குது, அதும்மேல தப்பில்ல. நீ சீக்கிரம் கெளம்பு."

மூன்று மணிப் பஸ்ஸில் நைனா அவளைக் கூட்டுரோட்டில் இறக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் விழுப்புரத்திலிருந்து திரும்பும்போது அதே கூட்டுரோட்டில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே நின்றதாம். வண்டிக்குள் அந்த வேப்பமரத்து வீட்டு அக்கா, முகமெல்லாம் வீங்கி, ஒருமுறை கைகால் இழுப்பு வந்து அடங்கியிருந்தாள். மாற்று நர்ஸ் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். செஞ்சிக்குக் கொண்டுவந்து பயனில்லை, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிதான். நைனா பஸ்ஸில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். மல்லாட்டை மூட்டையோடு வந்த ஒருவர் மட்டும் முணுமுணுத்தாராம். பின்சீட்டிலிருந்து ஒரு பெண், "வண்டியத் திருப்புய்யா, யார இன்னா கேட்டுக்கினு நிக்கிற" என்று கத்தினாளாம். அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு நைனா விழுப்புரத்துக்கே திருப்பினார். அவர் வந்து சேருகிற வரை நானும் அம்மாவும் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காத்திருந்தோம். "பொட்டப்புள்ள. ரெண்டு உசுரும் நிக்குது" என்று நைனா சொன்னபோது அம்மா சத்தமாக அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அம்மா தேறி எழுந்ததும் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கை தவறிக் கோடு போட்டுவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நர்ஸம்மா எதையும் மறக்க மாட்டாங்க என்று பெயர் வாங்கியிருந்தவள். "நர்ஸம்மாவே மறந்துட்டாங்களாம்" என்று சந்தைவரைக்கும் பேச்சு போயிற்று. ஆடி மாதத்தில் தளவானூர் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் உள்ளறையில் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"நீங்க என்ன மறந்துட்டீங்கன்னு நெனச்சி அழுதுகினே கெடந்தேன் நர்ஸம்மா" என்றாள் அவள்.

"என்ன மன்னிச்சிடும்மா" என்றாள் அம்மா.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நாலே எட்டு. நான் திரையின் சரங்கள் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் போன பிறகு அம்மா அந்தச் சோற்றுத் தட்டை எடுத்தாள். மாதக்கணக்கில் அந்தத் துண்டுகள் தட்டோடு ஒட்டிக் காய்ந்து கிடந்தன, யாரும் தொடவில்லை. ஈரத்துணி போட்டு நீவி எடுத்தாள். நான் கிழித்த இரண்டையும் பசை வைத்து ஒட்டினாள். எழுத்தும் கோடும் உள்ளே போகும்படி, ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். நட்சத்திரத்தின் நடுவில் பழையபடி கோத்தாள். பிறகு வார்னிஷ் டப்பாவைத் திறந்தாள். திரை முழுக்க ஒரு பூச்சு. அந்தப் பதினொன்றுக்கு மட்டும் காயவிட்டு இரண்டாவது பூச்சு, அது காய்ந்ததும் மூன்றாவது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "பள்ளிக்கூடத்துல அடுத்த விழா எப்போடி?" என்று கேட்டாள். அதற்குப் பிறகும் அவள் பாதி விழாக்களுக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நோட்டை நான் தொடவில்லை.

அவள் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. நாலு அறை கொடுத்திருந்தால் அழுது முடித்திருப்பேன். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கிடந்தபோதுகூட வாய்வரை வந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் உட்காராதவள் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். அந்தத் திரை நிழலில் நின்ற பத்து நிமிடத்துக்குப் பிறகு எனக்கு எங்கும் உட்கார வரவில்லை.

மகள் தலைதுவட்டும் துண்டோடு வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஆறிவிட்டது. மணிகள் பதினொன்றும் வைத்தபடியே கிடந்தன. ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மத்ததெல்லாம் லேசா இருக்கு, இது மட்டும் கல்லு மாதிரி இருக்கே. யாரும்மா இத்தன வார்னிஷ் அடிச்சது?" என்றாள்.

"உங்க ஆயா, எங்கம்மா."

"எதுக்கு?"

கதவருகே போயிருந்த நான் திரும்பி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். "உள்ள ஒரு சிவப்புக் கோடு இருக்குது" என்றேன். "அதப் போட்டது நான்."